கணக்கில் வராத நோவு

மனிதரின் நோவை அளப்பதற்கு எந்தக் கோல் நியாயமானது? இக்கேள்வி தத்துவ நூல்களுக்கு மட்டும் உரியதென்று நாம் கருதவில்லை. அட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் நுவரெலியாவிலும், ஏதேனுமொரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரித் திண்ணையில் காலைவேளையில் காத்து நிற்கும் பெண்கள் இக்கேள்விக்கு நடுவேதான் நிற்கிறார்கள். அங்கே ஒரு கோல் நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. அது யாருடைய கோல், அதனால் எவை அளக்கப்படுகின்றன, எவை அளக்கப்படாமலே கழிகின்றன என்று ஆராய்வதே நம் நோக்கம். ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்வது பெருநோய் எதுவுமன்று, காதுவலி. அதிலும், வெளிக்காதில் உண்டாகி, ஒரு சிறு குப்பிக்குள் அடங்கும் சொட்டு மருந்தால் தீர்ந்துவிடுகிற அழற்சி.

இத்தனை துயரங்கள் மண்டிக்கிடக்கும் மலைநாட்டில் காதுவலியைப் பற்றியா எழுதுவது என்று நம் நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அந்த முகச்சுளிப்பையே நாம் விசாரிக்க விரும்புகிறோம்.

முதலில் நோயைப் பார்ப்போம். காதின் வெளிவாசலிலிருந்து செவிப்பறை வரை ஏறக்குறைய இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமான குழாய் ஒன்று செல்கிறது. அதன் உட்பக்கத் தோல் மிக மெல்லியது. தோலுக்குக் கீழே வெளிப்பகுதியில் குருத்தெலும்பும் உட்பகுதியில் எலும்பும் உள்ளன. அழுக்கென்று நாம் ஒதுக்கும் குரும்பி, உண்மையில் அத்தோலின் காவல், சற்றே அமிலத்தன்மை உடையது, நீரை ஒட்டவிடாதது. ஈரம் இடைவிடாது ஊறினால் காவல் கரைகிறது, தோல் நைகிறது. நைந்த தோலில் ஊக்கோ தீக்குச்சியோ ஒரு கீறல் இட்டால் போதும், சூடோமோனாஸ், ஸ்டபிலோகொக்கஸ் முதலிய பற்றீரியாக்கள் குடியேறிவிடுகின்றன. வீங்குவதற்கு அங்கே இடமில்லை. எலும்பின்மேல் இழுத்துப் போர்த்திய தோல் வீங்குவதனாலேயே அவ்வலி அத்தனை கொடியதாகிறது. மடலைத் தொட்டால் உயிர் போகிறது. உணவை மென்றாலும் கொட்டாவி விட்டாலும் குத்துகிறது. அப்பக்கம் சாய்ந்து படுக்க முடிவதில்லை. மேல்நாட்டார் இதற்கு இட்டிருக்கும் பெயர் 'நீச்சற்காரர் காது' என்பது. குளத்தில் விளையாடப் போனவருக்கு வருகிற நோய் என்பது அவர்கள் அனுபவம் போலும்.

நம் மலைகளில் தண்ணீர் வேறு வழியாக வருகிறது. மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இம்மலைகளின் மேற்குச் சரிவில் மோதிக் கொட்டுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவதுண்டு. மழை பெய்கிறதென்று கொழுந்து காத்திருப்பதில்லை. தலையிலிருந்து முதுகுவரை தொங்கும் கொங்காணி, அது கம்பளியாயினும் சாக்காயினும் இன்றைய பொலித்தீனாயினும், காதை மூடியபடியே நாள் முழுவதும் நனைந்துகொண்டிருக்கிறது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் பீலியில் குளிப்பு. காயாத கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, புகையும் ஈரமும் ஒருங்கே உறையும் லயத்துக் காம்பராவில் அடுப்படி வேலை. காது காய்வதற்கு அந்த நாளில் ஒரு நாழிகை கிடையாது.

இனி மருந்து. நல்ல வெளிச்சத்தில், அதற்கென்று உள்ள சிறு கருவியைக் கொண்டு காதுக்குள் பார்க்க வேண்டும். அடைத்துக் கிடக்கும் சீழையும் கசடையும் மெல்லத் துடைத்தெடுக்க வேண்டும். குழாய் மிக வீங்கி அடைபட்டிருந்தால் சிறு திரியொன்றை உள்ளே செலுத்தி, அதன் வழியே மருந்து இறங்கச் செய்ய வேண்டும். பிறகு சொட்டு மருந்து. குப்பியை உள்ளங்கையில் சற்றுநேரம் பொத்தி வெதுவெதுப்பாக்கி, நோவுள்ள காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, துளிகளை விட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் அசையாதிருக்க வேண்டும். ஏழு முதல் பத்து நாள் வரை இதைச் செய்ய வேண்டும். இடையில் நீர் படக்கூடாது. பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாட்களிலேயே வலி தணியத் தொடங்குகிறது.

இம்மருந்துகள் புதியனவுமல்ல, அரியனவுமல்ல. காதுச் சொட்டுகளில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டுவரும் நியோமைசினை வக்ஸ்மனும் லெச்செவலியேயும் 1949இல் கண்டறிந்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கிடைத்த மருந்து அது. மண்ணோடு மாரடிக்கும் மலையகத் தொழிலாளரின் வாக்குரிமை பறிபோனதும் அதே 1949இல்தான் என்பதை நாம் போகிறபோக்கில் நினைத்துக்கொள்கிறோம். 1980களில் வந்த சிப்ரோபுளொக்சசினின் காப்புரிமைக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் சிறுவர்க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், 0.3 விழுக்காட்டுச் சிப்ரோபுளொக்சசின் சொட்டும் 2 விழுக்காட்டு அசற்றிக் அமிலச் சொட்டும் காதுக்கென்று இடம்பெற்றிருக்கின்றன. அசற்றிக் அமிலம் என்பது வேறொன்றுமில்லை, வினாகிரியின் புளிப்புக்குக் காரணமான பொருள். இந்நோய்க்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு 2010இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வு, முதல் வாரத்தில் அவ்வமிலச் சொட்டும் நுண்ணுயிர் எதிர்ப்பிச் சொட்டுக்கு ஒப்பாகவே பயன் தருகிறதென்றும், அதற்குமேல் நீடிக்கும் நோயில்தான் பின்தங்குகிறதென்றும் கண்டது. ஆகவே, விலை அதிகம், ஆதலால் கிடைக்கவில்லை என்ற சமாதானம் இங்கே செல்லாது.

பின் ஏன் கிடைக்கவில்லை? மலையகத்தில் பலர் வாயிலாக நாம் கேட்டறிந்த உரையாடல் ஒன்றின் சாரத்தைத் தருகிறோம்.

"காது குத்துதுங்க ஐயா."

"எத்தனை நாளா?"

"நாலு நாளாங்க."

"நேத்து மலைக்குப் போனியா?"

"போனேங்க ஐயா."

"அப்ப ஒண்ணுமில்ல. இந்தக் குளிசைய ரெண்டு நேரம் போடு."

மூன்றாம் வினாவைக் கவனியுங்கள். காய்ச்சல் உண்டா, சீழ் வடிகிறதா, காது மந்தமா, நீரிழிவு உண்டா என்றெல்லாம் கேட்க வேண்டிய இடத்தில் மலைக்குப் போனாயா என்ற கேள்வி வந்து உட்கார்ந்திருக்கிறது. நாம் தேடிய அளவுகோல் இதுவே. வேலையை நிறுத்துகிற நோவு நோவு. வேலையை நிறுத்தாத நோவு ஒன்றுமில்லை. அரைப்பேர் விழுந்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு நாள் கொழுந்தெடுத்தவள், அந்தப் பொறுமையாலேயே தன் நோவைப் பொய்யாக்கிவிடுகிறாள்!

இதை ஒரு தனிமனிதரின் கல்நெஞ்சமாக எண்ணிவிடலாகாது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒருவராக, காதுக்குள் பார்க்கும் கருவிகூட இல்லாமல், ஒரு மேசையும் நாலு போத்தலுமாக உட்கார்ந்திருக்கும் தோட்ட வைத்திய உதவியாளரும் ஒரு வகையில் தொழிலாளியே. அவருக்கு இரண்டு எசமானர்கள். நோயாளி ஒருவர், அவருக்குச் சம்பளம் தரும் நிர்வாகம் மற்றொருவர். சுகயீனத் துண்டு எழுதும் கையும் சம்பளம் வாங்கும் கையும் ஒன்றாக இருக்கும் வரையில் அந்த மூன்றாம் வினா அவர் நாவில் தானாக வந்து நிற்கும்.

அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடத்திக் கொணரப்பட்ட கூலிகள் வழியிலும் தோட்டத்திலும் மடிந்த வேகம் ஆட்சியாளரையே அசைத்தபோது, 1872இல் குடியேறிய தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. இச்சட்டங்களால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அவை மருத்துவத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கின. அதாவது, துரையின் கணக்கேட்டில் ஒரு செலவு இனமாக்கின. செலவென்று ஒன்று இருந்தால் அதற்கெதிரே வரவென்று ஒன்று இருந்தாக வேண்டும். அந்த வரவு, மறுநாட் பெரட்டுக்கு எத்தனை பேர் எழுந்து வருவார்கள் என்பதே. மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற்பாகத்தில், ஆலைப் பரிசோதகரும் மருத்துவரும் எழுதிய அறிக்கைகளையே சான்றாக அடுக்கி, தொழிலாளியின் உடல்நலத்தை மூலதனம் எந்த அளவுக்கு மட்டும் பொருட்படுத்துகிறது என்று காட்டினார். நம் மலைகளில் அச்சான்றுகளைத் தேடி ஏடு புரட்ட வேண்டியதில்லை, செக்ரோலைப் புரட்டினால் போதும்.

இந்தியத் தத்துவமும் ஐரோப்பியத் தத்துவமும் இன்ப துன்பங்களை எண்ணிப் பார்க்காமல் விடவில்லை. பெந்தாம் என்ற ஆங்கிலேய அறிஞர் 1789இல் வெளியிட்ட நூலில், துன்பத்தை மதிப்பிட அதன் செறிவையும், அது நீடிக்கும் காலத்தையும், அது எத்தனை பேரைத் தொடுகிறது என்பதையும் கணக்கிடச் சொன்னார். கணக்குப்பிள்ளைத் தத்துவம் என்று அவரை நம்மவர் எள்ளுவதுண்டு. ஆயினும் அவருடைய கணக்கையே நேர்மையாகப் போட்டால், இக்காதுவலி மேலேறி வந்துவிடும். செறிவோ கடுமை, காலமோ நாட்கணக்கு, சில வேளை வாரக்கணக்கு, தீர்ப்பதற்கான செலவோ சொற்பம். இத்தனை குறைந்த செலவில் இத்தனை துன்பத்தைத் துடைக்கும் வாய்ப்பைப் பெந்தாமின் சீடன் எவனும் கைவிடமாட்டான். அப்படியானால் தோட்டத்தில் நடப்பது அந்தக் கணக்குக்கூட அன்று. அங்கே எண்ணப்படுவது துன்பமே இல்லை; துன்பத்தால் குறைகிற கொழுந்து. இராத்தலில் நிறுக்க முடியாத நோவுக்கு அந்தத் தராசில் தட்டு இல்லை.

ஆட்களையே எண்ணிக்கையாக்கிய தேசத்தில் இது வியப்பன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் இரு அரசுகளும் கூடி, 525,000 பேர் உனக்கு, 300,000 பேர் எனக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று உடன்படிக்கை எழுதின. இலவச மருத்துவம் நாடெங்கும் பரவி, இலங்கையின் பெருமையாக உலகம் புகழ்ந்த அதே காலத்தில், தோட்டத்து மருத்துவம் மட்டும் துரையின் முற்றத்திலேயே நின்றது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி, இன்னும் முடிந்தபாடில்லை. குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய ஆதார வைத்தியசாலை திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் நாம் வரவேற்கிறோம். ஆனால், டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ போய்வர ஒரு நாட்கூலி போகும். பஸ் கட்டணம் வேறு. காதுவலிக்காக அவ்விழப்பை ஏற்பவர் எத்தனை பேர்?

இங்கே சில எதிர்வாதங்களைச் சந்திக்காமல் மேலே செல்வது நேர்மையாகாது.

வளம் சொற்பம், பெரிய நோய்க்கு முதலிடம் என்பது ஒன்று. இதில் நியாயம் இருக்கிறது. மூச்சுத் திணறும் குழந்தையைக் காக்கவைத்துவிட்டுக் காதைப் பார்க்கச் சொல்லி எவரும் கோரமாட்டார். ஆனால் வரிசையில் பின்னால் நிற்பது வேறு, வரிசையிலேயே இல்லாதிருப்பது வேறு. மேலும், சிறுநோய் என்று நாம் முத்திரை குத்துவது எப்போதும் சிறுநோயாகவே நின்றுவிடுவதில்லை. நீரிழிவுள்ள முதியவரிடத்தில் இதே அழற்சி எலும்பைத் தின்று மண்டையின் அடித்தளம் வரை செல்வதுண்டு. சாண்ட்லர் என்ற மருத்துவர் 1968இல் அவ்வடிவத்தை விரிவாக விவரித்தார். சிறியது எது, பெரியது எது என்று தெரிந்துகொள்ளவே யாரேனும் ஒருவர் காதுக்குள் பார்த்தாக வேண்டும்.

நுண்ணுயிர் எதிர்ப்பிகளை வாரி இறைத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போய்விடும் என்பது மற்றொன்று. முற்றிலும் மெய். அந்த மெய்யே நம் பக்கம் சாட்சி சொல்கிறது. துளி நேராக நோயுள்ள இடத்தைச் சேர்கிறது. குருதியில் கலப்பது மிகச் சொற்பம். குளிசையோ உடல் முழுவதும் சுற்றி, வயிற்றிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் அழித்துவிட்டு, காதுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் வெறுங்கையோடு வருகிறது. இந்நோய்க்கு முதன்மைக் காரணமான சூடோமோனாஸ், வழமையாகக் கொடுக்கும் அமொக்சிசிலினுக்கு இயல்பிலேயே மசியாதது. நோய் குழாயைத் தாண்டிப் பரவினாலொழிய, அல்லது நோயாளியின் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தாலொழிய, குளிசைக்கு இங்கே வேலை இல்லை. ஆயினும் தோட்டத்தில் கிடைப்பது குளிசை. பட்டணத்துத் தனியார் மருத்துவமனையில் கிடைப்பது சொட்டு. காரணம் எளிது. குளிசையை முகத்தைப் பார்த்தே நீட்டிவிடலாம். சொட்டு மருந்துக்கு ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் அருகில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பிடித்து, பார்த்து, துடைத்து, எப்படி விடுவதென்று சொல்லிக்கொடுக்க வேண்டும். செவிப்பறை கிழிந்திருந்தால் நியோமைசின் போன்றவை உட்காதுக்கே கேடாகலாம். அதற்கும் பார்த்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு மறுக்கப்படுவது மருந்தைவிட முதலில் இந்தப் பார்த்தலே என்பது நம் முடிபு.

மூன்றாவது வாதம் நம்மவர் வாயிலேயே அடிக்கடி வருவது: "அறியாத சனங்கள், காதில் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள், தாய்ப்பால் பீச்சுவார்கள், கோழியிறகு விட்டுக் குடைவார்கள்." நைந்த காதில் எண்ணெயும் இறகும் தீங்கு செய்யக்கூடியவைதாம், அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனால், பேத்தியின் தலையை மடியில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, எண்ணெயின் சூட்டைத் தன் புறங்கையில் விட்டுப் பார்த்து, "பொறு கண்ணு, இந்தா ஆயிருச்சு" என்று சொல்லும் அம்மாயி, டிஸ்பென்சரியில் எவரும் செய்யாததைச் செய்கிறாள். அவளிடம் இல்லாதது மருந்தறிவு. அவளிடம் இருப்பது அங்கே இல்லை. அறியாமை என்ற சொல்லை அவள்மீது எறிவதற்குமுன், அவள் கையில் சரியான குப்பியைக் கொடுத்திருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது முறை.

குப்பியைக் கொடுப்பதற்கு ஒரு பாதை இந்நாட்டில் ஒருமுறை வெட்டப்பட்டது என்பதை இளைய மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயும், மருத்துவரும் கம்யூனிஸ்ட் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் வரைந்த அறிக்கையின் அடிப்படையில் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலேயே அதன் முதல் தலைவர். ஒரே மருந்தை நூறு வியாபாரப் பெயர்களில் வாங்கும் மடமையை ஒழித்து, தேவையானதைத் தேர்ந்து, மருந்தின் சொந்தப் பெயரில், உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்குவதே அவர் கொள்கை. பன்னாட்டுக் கம்பனிகள் அதை எப்படி எதிர்த்தன என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். அவர் மறைந்த 1977இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலும் வெளிவந்தது. அவர் விதைத்த சிந்தனை உலகெங்கும் முளைத்தது. அவர் நாட்டிலோ 2022இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலை அலமாரிகள் வெறுமையாயின.

வெறுமையைவிடக் கொடியதும் நிகழ்ந்தது. 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுள் சிலரின் பார்வை, பின்னர் இட்ட பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தால் கெட்டது. இந்தியாவிலிருந்து இறக்குமதியான அம்மருந்து மாசுபட்டிருந்ததென்று தெரிந்து மீளப்பெறப்பட்டது. வேறு வைத்தியசாலைகளிலும் இவ்வாறு நேர்ந்தது. கண்ணிலோ காதிலோ துளி விடுவிப்பவர் தலையை அண்ணாந்தோ சாய்த்தோ, அசையாமல், தன்னை முழுவதும் பிறர் கையில் ஒப்படைத்துக் கிடக்கிறார். அந்த ஒப்படைப்பை ஏற்றுக்கொண்ட கை தனிமனிதர் கை மட்டுமன்று. மருந்தை வாங்கியவர், சோதித்தவர், சோதிக்காமல் விட்டவர், அவசரமென்று விதிவிலக்கு அளித்தவர், எல்லோருடைய கையும் அக்குப்பியைப் பிடித்திருக்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். நாமும் வகுப்பில் அதை விளக்குகிறோம். அதே வகுப்பில், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை ஒன்று கடைசி வாங்கில் இருக்கிறது. குழாய் வீங்கிக் கசடு அடைத்திருக்கும் நாட்களில் அக்காது மந்தமாகத்தான் இருக்கும். "தோட்டத்துப் பிள்ளை, மூளை மந்தம்" என்று நம்மில் எவரேனும் சொல்லிவிட்டால், துரையின் தராசைப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் கொண்டுவந்து மாட்டியவர்கள் ஆவோம். காதைப் பிடித்துத் திருகும் பழைய தண்டனை இன்னும் சில இடங்களில் மறையவில்லை. அழற்சியுள்ள மடலை ஒரு விரலால் தொட்டாலே என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறோம். மடலைத் தொட்டதும் துடிக்கிற பிள்ளையை, தலையை ஒரு பக்கமே சாய்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையை, முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர், ஆசிரியர்.

எது செய்யக்கூடியது என்று கேட்பவர்க்கு நாம் பெருந்திட்டம் எதையும் நீட்டப் போவதில்லை. தோட்டத்து டிஸ்பென்சரி அலமாரியில் அசற்றிக் அமிலச் சொட்டும் சிப்ரோபுளொக்சசின் சொட்டும் இருக்கின்றனவா, அவற்றின் காலாவதித் திகதி என்ன, காதுக்குள் பார்க்கும் கருவி இருக்கிறதா, அதில் பற்றரி இருக்கிறதா, சுகயீனத் துண்டு எழுதுபவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார், காதில் சீழோடு மழையில் நிற்க முடியாதென்று சொல்லும் பெண்ணுக்கு முழுப்பேர் போடப்படுமா: இவ்வளவையும் தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்திலும் பெற்றார் ஆசிரியர் சங்கத்திலும் எழுந்து நின்று கேட்பதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த தென்மேற்குப் பருவம் மே மாதத்தில் தொடங்கும்.